நம்பர் அடித்த இடம்

எங்கள் பட்டறையில் எனக்கு 'நம்பர் மேடம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. டீ குடிக்கிற இடத்திலும் லோடு ஏற்றுகிற வாசலிலும் அந்தப் பெயர் அடிபடுவதைக் காதால் கேட்டிருக்கிறேன். கோபம் வந்ததில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஓசூரில் தகடு வெட்டி, வளைத்து, துளை போட்டுக் கொடுக்கிற பட்டறை அது. பெரும்பாலும் லாரிக்கும் டிராக்டருக்கும் உதிரி பாகங்கள். நான் தரச்சோதனைப் பிரிவு. பிரிவு என்று போர்டு இருக்கிறது, உள்ளே நான் ஒருத்திதான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. வண்டிப் பாகம் செய்கிற இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகிற ஒவ்வொரு துண்டிலும் ஒரு நம்பர் இருக்க வேண்டும். எழுத்து பன்ச்சை இரும்பின் மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடித்தால் எண் பதிந்துவிடும். நாளைக்கு அந்தப் பாகம் எங்கேயோ உடைந்தால், எந்தத் தகட்டில் வெட்டியது, எந்த நாள், யார் கை வைத்தது என்று பின்னோக்கிப் போய்த் தவறைப் பிடிக்க அந்த நம்பர்தான் வழி. நம்பர் இல்லாத துண்டை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியதே கிடையாது. வாசலில் நின்ற லாரியிலிருந்து இறக்க வைத்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் படம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். ஓர் அடிக்கு ஓர் அடி சதுரத் தகடு, பன்னிரண்டு மில்லி கனம், மேல் மூலைகளில் இரண்டு துளை. அவ்வளவுதான் படம். மொத்தம் பன்னிரண்டு தகடு வேண்டும். அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சூளகிரிக்கு அந்தப் பக்கம், கல் எடுத்து முடித்து விட்டுவிட்ட ஒரு குவாரியில், ரைபிள் சுடும் சங்கம் ஒன்று அனுமதி வாங்கிப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சுடுவதற்கான இலக்குதான் அந்தத் தகடு.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. காகிதத்தில் வட்டம் போட்டுச் சுடுவதைத்தான் டிவியில் பார்த்திருக்கிறேன்.

"காகிதம் போதாதா சார்?" என்று கேட்டேன்.

"காகிதத்துல சுட்டா, பட்டுதா இல்லையான்னு பாக்க ஒவ்வொரு வாட்டியும் நடந்து போவணும் மேடம். தகடுன்னா 'டங்'குனு சத்தம் வந்துடும். சத்தம் வரலைன்னா படல. அங்கயே தெரிஞ்சு பூடும்."

"சாதாத் தகட்டுலயும் சத்தம் வருமே?"

"வரும். ஆனா சாதாத் தகடு சாஃப்டு. வேகமான குண்டு பட்டா பள்ளம் வுழும். கெட்டித் தகட்டுல குண்டுதான் நசுங்கித் தூள் தூளாப் பூடும், தகட்டு மூஞ்சியோட ஒட்டியே நாலா பக்கமும் போவும். பள்ளத்துல பட்டா அப்படிப் போவாது, எந்தப் பக்கம் திரும்புதுன்னு சாமிக்குத்தான் தெரியும். நான் உக்காந்து பாக்குற கல் மறைவு தகட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கு. அதனால ஒரே ஒரு எடம்கூட சாஃப்டா இருக்கக்கூடாது மேடம். இருந்தா என் மூஞ்சிக்குத்தான் வரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: ஒரு இடம்கூட.

அப்படிப்பட்ட கெட்டித் தகடு எங்கள் பக்கத்தில் அபூர்வம் இல்லை. கிருஷ்ணகிரி குவாரிகளில் கல் அள்ளும் டிப்பருக்கு அடித்தளமாகவும், கல் உடைக்கும் இயந்திரத்தின் வாய்க்கு உள்ளேயும் போடுவது அதுதான். ஆலையிலேயே சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, பதம் ஏற்றி அனுப்புவார்கள். திரும்ப நெருப்பைக் காட்டினால் அந்தப் பதம் போய்விடும். அதனால் கேஸ் கட்டிங்கே வேண்டாம் என்று சொல்லி, தண்ணீரைப் பீய்ச்சி வெட்டுகிற இடத்துக்கு அனுப்பி வெட்டி வாங்கினேன். வெல்டு கூடாது என்றுதான் படத்திலேயே கொக்கிக்குப் பதில் துளை. வெட்டுகிறவர்கள், துளை போடுகிறவர்கள் எல்லாரிடமும் நானே போய் "தீ காட்டக்கூடாது" என்று சொன்னேன். கடைசியாக நம்பர் அடித்துப் பெயிண்ட் பூசுவது எங்கள் ஃபிட்டர் அண்ணன் வேலை. அவரிடம் மட்டும் சொல்லவில்லை. சுத்தியலுக்கும் பிரஷ்ஷுக்கும் நடுவில் தீ எங்கிருந்து வரப்போகிறது என்று நினைத்தேன்.

அன்றைக்கு நம்பர் அடிக்க வழக்கத்தைவிட நேரம் ஆனது. நான் இரண்டு தடவை சத்தம் போட்டதாக ஞாபகம். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டும் வெள்ளைப் பெயிண்ட் பூசி, மேல்பக்கம் நடுவில் நம்பரோடு என் மேசைக்கு வந்தன. கடினம் அளக்கும் கருவியை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன். இடது, வலது, கீழே. நம்பர் இருக்கும் இடத்தில் வைப்பதில்லை. அளக்கும்போது விழுகிற சின்னக் குழி எண்ணைக் கெடுத்துவிடக் கூடாது என்பது நாங்கள் பழகிய இன்னொரு விதி. எல்லா அளவும் கச்சிதமாக வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தகடுகள் என்ன பாடு படுகின்றன என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சூளகிரி ரோட்டில் கிளம்பினேன். வீட்டில், "ஞாயித்துக்கிழமைகூட தகடா?" என்றார்கள். ஆமாம், தகடுதான்.

குவாரிக்குள் சுடுகிறவர்கள் ஒரு முனையில் படுத்திருந்தார்கள். எதிர்முனையில் மண்மேட்டுக்கு முன்னால் என் பன்னிரண்டு தகடும் சங்கிலியில் தொங்கின, கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்தாற்போல. சிதறுகிற ஈயம் தரையைப் பார்த்துப் போகட்டும் என்று அப்படிச் சாய்த்திருக்கிறார்கள். முதல் வெடிச்சத்தத்தில் நான் துள்ளிவிட்டேன். அது அடங்குகிற நேரத்தில் தூரத்திலிருந்து மணி அடித்தது போல அந்த 'டங்' வந்தது. அந்த இடைவெளி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒவ்வொரு தடவையும் வருமா வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

சுடுவதை நிறுத்திக் கொடியை ஏற்றியதும் ஹவில்தார் என்னைத் தகட்டுப் பக்கம் கூட்டிப்போனார். நான் எதிர்பார்த்தது எதுவும் அங்கே இல்லை. தகட்டில் ஓட்டை இல்லை, உடைசல் இல்லை. வெள்ளைப் பெயிண்டின் மேல் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகத் தடம், சூடான கல்லில் ஒரு கரண்டி மாவு தெறித்தாற்போல. கைக்கு வாகான கீழ்ப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. ஆனால் தகட்டுக்கு நேர் கீழே புல் ஒரே கோடாக அறுந்து கிடந்தது. பக்கத்தில் நின்ற மரக்கம்பம், தகட்டின் விளிம்புக்கு நேராக, ரம்பம் போட்டதுபோல் பாதி அறுபட்டிருந்தது.

"இது யாரு அறுத்தது?"

"குண்டுதான். தகட்ட ஒண்ணும் பண்ண முடியலைன்னு கம்பத்து மேல காட்டுது" என்றார்.

அவர் சொன்ன அந்த 'ஒட்டியே போகும்' என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாளாக ஆகத் தகடு பின்பக்கமாக லேசாக வளையும் என்றும், வாரம் ஒருமுறை திருப்பிப் போட்டுச் சுட்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். கனமான குண்டைவிட வேகமான சின்னக் குண்டுதான் தகட்டுக்கு எமன் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். அவருக்கும் சொல்லிக்கொண்டிருப்பதில் அலுப்பில்லை.

கிளம்பும்போது சுட்டுக்கொண்டிருந்த ஒருவர் வந்து சொன்னார்: "வெறும் வெள்ளையில எதைப் பாத்து குறி வைக்கிறதுன்னு முதல்ல தெரியல மேடம். டெலஸ்கோப்புல உங்க நம்பர் மட்டும் லேசா கருப்பா தெரியுது. எல்லாரும் அதையே பாத்துத்தான் அடிக்கிறோம்."

ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு வரும்போது வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தேன். என் நம்பருக்கு இப்படியும் ஒரு உபயோகம்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தகடு இருந்தது. ஹவில்தாருக்கு அடிபட்டுவிட்டது என்றார். குண்டின் செப்பு உறையிலிருந்து ஒரு சில்லு, கல் மறைவுக்கு மேலாக வந்து, இடது கண்ணுக்கு ஒரு விரல்கடை கீழே கன்னத்தில் இறங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் எடுத்துத் தையல் போட்டிருக்கிறார்கள். கண் தப்பியது. 'என் மூஞ்சிக்குத்தான் வரும்' என்று அவர் சிரித்த முகம் அப்படியே வந்து நின்றது.

"கடைசியா கை வெச்சது யாரு?" என்று கேட்டார் முதலாளி.

ஃபிட்டர் அண்ணன்தான் என்று சொன்னேன். அவர் காவேரிப்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், கான்ட்ராக்ட் ஆள். எழுத்தில் ஒன்றும் கிடையாது. வாயால் சொன்னால் போதும், வேலை போய்விடும்.

"ஏம்மா, அவனை நாளையிலருந்து வரவேணாம்னு சொல்லிடு. ஏதோ பண்ணியிருக்கான்."

"என்ன பண்ணுனாருன்னு தெரியாம எப்படி சார்? ரெண்டு நாள் குடுங்க. நம்பர் இருக்குல்லா, பிடிச்சிரலாம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைச் சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் விளக்குக்குக் கீழே வைத்தேன். பார்க்கப் பார்க்க விசித்திரமாக இருந்தது. முக்கால்வாசித் தகடு வழவழவென்று புதிது மாதிரியே இருந்தது. மேல்பக்கம் நடுவில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்குள், ஏழு பள்ளம். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் உதடு பிதுங்கினாற்போல இரும்பு மேலே எழும்பியிருந்தது. அந்த உதட்டில் பட்டு ஏதோ ஒரு குண்டு திரும்பியிருக்கிறது. சங்கத்துக்குப் போன் செய்து மற்றத் தகடுகளைப் பார்க்கச் சொன்னேன். எல்லாவற்றிலும் அதே இடத்தில் ஒன்றிரண்டு பள்ளம் இருக்கிறது என்றார்கள். ஒரு தகட்டில் மட்டும் என்றால் ஆலையைச் சொல்லலாம். பன்னிரண்டிலும் ஒரே இடம் என்றால் அது மனுஷன் செய்த வேலை.

இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வெறும் கவலை மட்டும்தான் என்று சொன்னால் பொய். எப்படி, எப்படி என்று மண்டைக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. அதில் ஒரு சுகமும் இருந்தது. யாராவது வேறு மாதிரிக் குண்டு போட்டுச் சுட்டார்களா? இல்லை என்றது அவர்கள் பதிவேடு. தண்ணீர் வெட்டில் கோளாறா? விளிம்பெல்லாம் நன்றாக இருக்கிறது. துளையைச் சுற்றி? அங்கேயும் கெட்டி. மறுபடி மூன்று இடத்தில் அளந்தேன். அதே பழைய நல்ல அளவு. பழக்க தோஷம், இரண்டாம் தடவையும் நம்பரைத் தொடவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் சும்மா தகட்டைத் திருப்பிப் போட்டேன். இந்தப் பக்கத்திலும் சுட்டிருந்ததால் பெயிண்ட் பல இடத்தில் உரிந்திருந்தது. மிச்சப் பெயிண்டைத் தின்னர் ஊற்றித் துடைத்தேன். பள்ளங்களுக்கு நேர் பின்னால், ஒரு டம்ளர் வாய் அளவுக்கு, நீலமும் கருப்பும் பழுப்புமாக ஒரு வட்டம் தெரிந்தது. இரும்பைத் தீயில் பழுக்கவைத்தால் வருகிற நிறம். முன்பக்கத்தில் அந்த நிறத்தை யாரோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள், பின்பக்கத்தை விட்டுவிட்டார்கள். வட்டத்தின் நடுவில் கருவியை வைத்தேன். மற்ற இடத்தில் காட்டியதில் பாதிதான் காட்டியது. தகட்டைத் திருப்பினேன். வட்டத்துக்கு நேராக முன்னால் இருந்தது என் நம்பர்.

பள்ளங்களுக்கு நடுவில் அது தெளிவாகப் படிக்கிற மாதிரியே இருந்தது.

நேராக ஃபிட்டர் அண்ணனிடம் போனேன். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். தகட்டின் பின்பக்கத்தைக் காட்டினேன். அவர் ஒளிக்கவே இல்லை.

"ஆமா மேடம், கேஸ் வெச்சுச் செவக்க வுட்டுத்தான் அடிச்சேன். அந்தத் தகட்டுல பன்ச்சு ஏறவே இல்ல. ரெண்டு பன்ச்சு மொனை மழுங்கிப்போச்சு. உங்ககிட்டத்தான் எடுத்துகினு வந்து காட்டுனேன்."

"எங்கிட்டயா?"

"போன்ல யார்கிட்டயோ கத்திகினு இருந்தீங்க. நான் மேடம் ஏறலைங்கன்னேன். நீங்க கையை ஆட்டி, 'எப்படியாவது போட்டுட்டு வாங்கண்ணே, நம்பர் இல்லாம ஒண்ணும் வெளிய போகாது'ன்னீங்க. சரின்னு சூடு பண்ணி அடிச்சேன். தேச்சுப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்ததும், அழகா ஏறியிருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க."

சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவர் கையில் இருந்த மழுங்கின பன்ச்சு. என் காதில் போன். அழகா ஏறியிருக்குண்ணே. அதை நான் சிரித்துக்கொண்டு சொன்னதுகூட.

"தீ காட்டக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே?" என்று கேட்டேன். கேட்கும்போதே கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

"யாரும் சொல்லலியே மேடம்" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. டப்பா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது. ஆலையைச் சந்தேகப்பட்டேன், தண்ணீர் வெட்டைச் சந்தேகப்பட்டேன், குண்டைச் சந்தேகப்பட்டேன். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. மேசைமேல் நான் பூர்த்தி செய்ய வேண்டிய படிவம் இருந்தது. 'குறைக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். 'பணியாளர் அனுமதியின்றித் தகட்டைச் சூடாக்கியது' என்று எழுதலாம். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முதலாளி தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அந்த ஒரு வரியை மனதுக்குள் நான்கைந்து தடவை எழுதிப் பார்த்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. பிறகு ஹவில்தார் கொண்டுவந்த நாள்காட்டித் தாளைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு சதுரம், இரண்டு துளை. நம்பர் என்று அதில் எங்கேயும் இல்லை. யாருமே கேட்கவில்லை.

'நம்பர் அடிக்கச் சொன்னது நான். ஏறவில்லை என்று வந்து சொன்னபோது கேட்காதது நான். நம்பர் உள்ள இடத்தை அளக்காததும் நான்' என்று கட்டத்துக்கு வெளியேயும் போகிற மாதிரி எழுதி முதலாளியிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் வாசித்துவிட்டு, அந்த நாள்காட்டித் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"உன்னை யாரும்மா நம்பர் கேட்டா?"

"யாரும் கேக்கல சார்."

அன்றைக்கு வாங்கின திட்டை இங்கே எழுத முடியாது. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் போய்க் கன்னடத்தில் முடிந்தது. ஆனால் ஃபிட்டர் அண்ணனை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் இன்றைக்கும் வருகிறார். நான் எதற்காவது அவசரப்படுத்தினால், "எப்படியாவதா மேடம்?" என்று மட்டும் கேட்பார். நான் போனை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன்.

பழைய தகடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிதாகப் பன்னிரண்டு செய்தோம். ஒவ்வொன்றிலும் முப்பது இடத்தில் அளந்தேன். நம்பர் இல்லை. நம்பர் இல்லாமல் முதல்முதலாக ஒரு லோடு என் கையெழுத்தோடு வாசலைத் தாண்டியது. வண்டியோடு நானும் குவாரிக்குப் போனேன். ஹவில்தாரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

தையல் பிரித்திருந்தார்கள். கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு சிவப்புக் கோடு. நடந்ததை முழுக்கச் சொன்னேன். என் தப்பு என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் புதுத் தகட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் எங்க?"

"இல்ல சார்."

"அப்ப இவங்க எதைப் பாத்து அடிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, கருப்புப் பெயிண்டில் விரலைத் தோய்த்து ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு பொட்டு வைத்தார். சங்கிலியில் மாட்டினார். கொடியை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் சுடுகிறவர்கள் இருக்கும் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தேன்.

"மேடம், எங்க போறீங்க? தகடு நல்லா கீதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க இல்ல?"

"ஆமா சார்."

"அப்ப இங்க வந்து உக்காருங்க."

கல் மறைவுக்குள் இரண்டு பேர் உட்கார இடம் போதாது. தோளோடு தோள் இடித்தபடி உட்கார்ந்தேன். கற்களுக்கு மேலாகத் தகடு தெரிந்தது, ஈரம் காயாத பொட்டோடு. இத்தனை வருடம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட இந்தப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. வெடித்தது. 'டங்' வந்தது. இங்கே அந்த இடைவெளியே இல்லை, காதுக்குள்ளேயே அடித்தது. புல் ஒரு கோடாக அசைந்தது. ஒன்றும் எங்கள் பக்கம் வரவில்லை. என் கை கன்னத்தை மூடிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். திரும்பிப் பார்த்தேன், அவர் கையும் கன்னத்தில்தான் இருந்தது.